ரிக்மோர் இழுத்த நூல்

எங்கள் ஊரில் ஆட்டுக்கோ மாட்டுக்கோ நாய்க்கோ உடம்பு சரியில்லை என்றால், முதலில் காதில் விழுவது ரிக்மோரின் குரல்தான். லிம் கடற்கழியின் கரையில் இருக்கும் எங்கள் சின்ன விலங்கு மருத்துவமனையில் இருபது வருடங்களுக்கு மேலாகத் தொலைபேசியை எடுத்தவள் அவள். நான் படிப்பு முடித்து அங்கே மருத்துவராகச் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். வேலைக்கு வந்த முதல் நாளே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "லேனெ, இந்தச் செருப்போட கன்னுக்குட்டியப் பொறக்க வைக்க முடியாது. எங்கிட்ட பழைய பூட்ஸ் இருக்கு, போட்டுக்கோ" என்றாள்.

தொலைபேசியில் அவள் பேசுவதைக் கேட்பதே ஒரு பொழுதுபோக்கு. நாய் ஒரு பெட்டி சாக்லேட்டைத் தின்றுவிட்டது என்று யாராவது பதறினால், என்ன எடை, எவ்வளவு தின்றது என்று விவரமாகக் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில், "உனக்கு ஒண்ணாவது மிச்சம் வெச்சுதா?" என்பாள். எதிர்முனையில் சிரிப்பு கேட்கும்.

ஆனால் பூனை, நூல் என்ற இரண்டு வார்த்தைகளும் ஒரே மூச்சில் வந்துவிட்டால் அவள் வேறு ஆளாகிவிடுவாள். நாற்காலியை விட்டு எழுந்து நிற்பாள். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்துவாள். "இழுக்காதே" என்பதுதான் முதல் சொல். வணக்கம் கூடக் கிடையாது. "வாயிலேர்ந்து தொங்கினாலும் சரி, பின்பக்கமாத் தொங்கினாலும் சரி, இழுக்காதே. வாந்தி எடுக்க வைக்காதே. பால், எண்ணெய் எதுவும் குடுக்காதே. எப்போ முழுங்குச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கிளம்பு. மிச்ச நூல் இருந்தா எடுத்துட்டு வா." குரலை உயர்த்த மாட்டாள். ஆனாலும் அவள் சொன்ன பிறகு யாரும் இழுத்ததில்லை. அந்தக் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. ஒருமுறை ஒரு பள்ளி ஆசிரியர் பூனையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அந்தம்மா சொன்னதும் கையைப் பின்னாலக் கட்டிக்கிட்டேன்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

இன்னும் சில விசித்திரங்கள் அவளிடம் இருந்தன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தோல் நோய் என்று நினைத்து நான் ஒரு களிம்பு கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தாள். அது திறக்கப்படாமலே கிடந்தது. சனிக்கிழமைகளில் அழுக்குத் துணி மூட்டைகளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, மழையானாலும் பனியானாலும், துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த சலவைக் கடைக்குப் போவாள். அவளுக்குச் சொந்த வீடு இருந்தது. பெரிய வீடு.

"வீட்ல ஒரு வாஷிங் மெஷின் வைக்க இடமில்லையா?" என்று கேட்டேன்.

"இடம் இருக்கு" என்றாள். "அந்த இடத்தை நான் காலியா வெச்சிருக்கேன்."

மேற்கொண்டு கேட்க முடியாத மாதிரி அதைச் சொன்னாள்.

அந்த வீட்டில் அவளோடு இருந்தது அவள் தம்பி வெர்னர். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இளமையில் வட கடலில் மீன்பிடிப் படகில் போனவன், பிறகு ஊரிலேயே சிப்பி ஆலையில் வேலைக்கு நின்றான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அக்கம்பக்கத்தில் யாரோடும் சண்டை கிடையாது, ஒருவரைத் தவிர. அடுத்த வீட்டுக்காரர் டாகெ, பால் வண்டி ஓட்டியவர். அவர் எதிரே வந்தால் வெர்னர் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவான். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஏன் என்று டாகெவுக்கே தெரியாது. நான் இந்த ஊருக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்கு அந்த வீட்டிலிருந்து ரிக்மோர் மட்டும் போனாளாம்.

ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். ஒரு பண்ணையில் பிரசவம் பார்த்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"விலங்கு மருத்துவமனை, ரிக்மோர்." பிறகு அவள் புருவம் சுருங்கியது. "வெர்னர்? நீ வேலைக்குப் போகலையா?"

எதிர்முனையில் என்ன சொன்னானோ, அவள் எழுந்து நின்றாள். பொத்தானை அழுத்தினாள். வெர்னரின் கரகரத்த குரல் அறை முழுவதும் கேட்டது.

"...கொட்டகையில. அக்டோபர்லேர்ந்து இருக்கு. சோறு போடறேன். திட்டறதை அப்புறமாத் திட்டு. ஞாயித்துக்கிழமை நான் வாங்கின பன்னிக்கறி இருக்கே, அதைச் சுத்தியிருந்த கயித்தக் குப்பையிலேர்ந்து இழுத்துத் தின்னுருக்கு. வாயில கொஞ்சம் தொங்குது. நேத்திலேர்ந்து ஓங்கரிக்குது. ஒரு இழு இழுத்தா வந்துரும், ஆனா—"

"இழுக்காதே."

"கொஞ்சம்தான் தொங்குது, ரிக்மோர்."

"கையை எடு, வெர்னர்."

"நாக்குக்கு அடியில மாட்டியிருக்கு போல. மெதுவாத்தான் இழுப்பேன். மீன் முள்ளு எத்தனை எடுத்திருக்கேன் நான்."

"வேண்டாம்னு சொல்றேன்ல."

"இந்த வீட்ல பூனையே கூடாதுன்னவ நீ. இருபத்தாறு வருஷமா ஒண்ணத் தொட்டுப் பாத்ததில்ல. ஃபோன் எடுக்கறவளுக்கு என்ன தெரியும்? டாக்டரக் கூப்பிடு."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ரிக்மோர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"செனெப்புக்கு நான் இழுத்தேன்" என்றாள்.

ஒலிபெருக்கியில் வெர்னரின் குரல் உயர்ந்தது.

"என்ன சொன்னே?"

"செனெப்ப வண்டி அடிக்கல. நான்தான். நூல் தொங்குச்சு, இழுத்தேன். உள்ளே கிழிஞ்சு போச்சு. ரெண்டு நாள் கிடந்து செத்துது. அதனாலதான் சொல்றேன், நீ இழுக்காதே. துணியில சுத்தி ஒரு பெட்டியில வெச்சு இங்கே கொண்டு வா. லேனெ இருக்கா."

எதிர்முனையில் பூனை ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

"வருவானா?" என்று கேட்டேன்.

"தெரியல." அவள் உட்கார்ந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

செனெப் வெர்னரின் பூனை. கடுகுச் சாந்தின் மஞ்சள் நிறம், பெயருக்கும் எங்கள் மொழியில் கடுகு என்றுதான் அர்த்தம். படகுத்துறையில் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் அவன். மனிதர்களிடம் வாய் திறக்காதவன் அதனிடம் மணிக்கணக்காகப் பேசுவானாம். கடலில் என்ன பார்த்தான், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். ரிக்மோர் அடுக்களையில் நின்று கேட்பாள். தம்பியின் மனதில் இருப்பது அவளுக்குத் தெரிந்ததே பூனை வழியாகத்தான்.

ஒரு டிசம்பரில் அவன் பத்து நாள் கடலுக்குப் போயிருந்தான். ரிக்மோர் கிறிஸ்துமஸுக்காகப் பன்றியிறைச்சியைச் சுருட்டி, பருத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வேகவைத்தாள். ஆறியதும் கயிற்றை அறுத்துக் குப்பையில் போட்டாள். இறைச்சிச் சாறு ஊறிய கயிறு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், செனெப்பின் வாலுக்குக் கீழே ஒரு முனை தொங்கியது.

"எனக்குச் சிரிப்பு வந்துச்சு, லேனெ. அதச் சொல்லணும் உங்கிட்ட. சிரிச்சேன். காகிதத்த வெச்சுப் பிடிச்சு இழுத்தேன். ஒரு சாண் சுலபமா வந்துது. அப்புறம் நின்னுது. இன்னும் கொஞ்சம் பலமா இழுத்தேன். உள்ளே ஏதோ விட்டுக் குடுத்துது. வந்துருச்சுன்னு சந்தோஷப்பட்டேன்."

அவள் விரல்கள் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருந்தன.

"அது கத்தினது இப்பவும் கேக்குதான்னு கேக்காதே. கேக்கல. சத்தம் போயிருச்சு. இது மட்டும்தான் போகல." விரல்களைத் தூக்கிக் காட்டினாள். "உள்ளே விட்டுக் குடுத்துது பாரு, அந்த ஒரு கணம். இங்கே இருக்கு. சட்டையில பிரிஞ்ச நூலக் கூட என்னால இழுக்க முடியாது."

பூனை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. அந்தக் காலத்தில் பூனைக்காக யாரும் மருத்துவரைக் கூப்பிட மாட்டார்கள், மருத்துவர் மாட்டுக்குத்தான். அவள் தட்டில் பாலை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை இயந்திரத்தை நகர்த்தி அதை எடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் புதைத்தாள். வெர்னர் வந்து கேட்டபோது, வண்டி அடித்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னாள்.

"யார் வண்டின்னு கேட்டான். தெரியலன்னேன். ரோட்டுக்குப் போய் முழங்கால் போட்டு ரத்தக்கறை தேடினான். இல்லன்னதும் மழை கழுவியிருக்கும்னு அவனே சொல்லிக்கிட்டான். நம்ம தெருவுல காலையில போற வண்டி டாகெவோட பால் வண்டி ஒண்ணுதான். நான் டாகென்னு சொல்லவே இல்ல, லேனெ. சத்தியமா சொல்லல. ஆனா இல்லன்னும் சொல்லல."

வாஷிங் மெஷினின் பின்னாலிருந்து சுரண்டும் ஒலி கேட்கத் தொடங்கியது அந்த வாரத்திலேயே. பகலில், துணி சுற்றும்போது. நிறுத்தினால் ஒலியும் நின்றுவிடும். அவள் இயந்திரத்தை விற்றாள். பிறகு அந்தக் காலி மூலையிலிருந்து கேட்டது. பெட்டி, பலகை எதையாவது அங்கே வைத்தால் இன்னும் அதிகமாகக் கேட்டது. அதனால் காலியாகவே விட்டாள். சில வருடங்கள் கழித்து விலங்கு மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுக்க ஆள் தேவை என்று விளம்பரம் வந்தபோது, அதே நாளில் போய் நின்றாள்.

வெளியே மொபெட் சத்தம் கேட்டது. வெர்னர் சிப்பிக் கூடையைத் தன் கம்பளிச் சட்டையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வந்து கூடையை என் கையில் கொடுத்தான். அக்கா பக்கம் பார்வையே போகவில்லை. "இழுக்கல" என்றான் என்னிடம். திரும்பிப் போய் வெளியே பனிமழையில் மொபெட்டின் பக்கத்தில் நின்றான்.

எலும்பும் தோலுமான சாம்பல் நிறப் பெண் பூனை. வாயைத் திறந்து பார்த்தேன். கயிறு நாக்கின் அடியில் வளையமாகச் சுற்றி, சதையை அறுத்துக்கொண்டு தொண்டைக்குள் போனது. எங்கள் உதவியாளர் அன்று விடுப்பு. மயக்க மருந்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நூல் விழுங்கிய பூனைகளின் அறுவைச் சிகிச்சைக்கு ரிக்மோர் ஒருநாளும் அறைக்குள் வந்ததில்லை. அன்று நான் கேட்காமலேயே ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

முதலில் நாக்கடியில் கயிற்றை வெட்டி விடுவித்தேன். பிறகு வயிற்றைத் திறந்தேன். நாடாவை இழுத்த சுருக்குப்பையின் வாய் மாதிரி குடல் முழுவதும் மடிப்பு மடிப்பாகக் கயிற்றின் மேல் ஏறிச் சுருங்கியிருந்தது. ஒரு முனை மாட்டிக்கொண்டால் குடல் மற்ற முனையைத் தள்ளித் தள்ளித் தானே கயிற்றில் ஏறிக்கொள்ளும். அந்த நிலையில் இழுத்தால் கயிறு கத்தியாகிவிடும்.

ரிக்மோர் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இப்படித்தான் இருந்திருக்குமா?"

"ஆமா" என்றேன்.

குடலை இரண்டு இடங்களில் திறந்து கயிற்றைத் துண்டு துண்டாக எடுத்தேன். எங்கும் ஓட்டை விழவில்லை. தைத்து முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. வெளியே போய் வெர்னரிடம் பிழைத்துவிடும் என்று சொன்னேன். அவன் தலையில் பனி படிந்திருந்தது. அவன் என்னைப் பார்க்காமல், "டாகெ செத்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டான்.

"ஒன்பதோ பத்தோ."

"நாலு வீடு தள்ளி வந்தாலும் கையைத் தூக்குவார். ஒருநாளும் நான் தூக்கல" என்றான். மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

மறுநாளிலிருந்து அவன் ஆலைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டான். தேவாலயத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவான். டாகெவின் கல்லறைக்கு எதிரே மொபெட்டை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, "காலை வணக்கம், டாகெ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். கல்லறைத் தோட்டக்காரர் முதலில் சிரித்தார், மாதங்கள் போனதும் சிரிப்பதை விட்டுவிட்டார்.

பூனையைத் தேற்றி அனுப்பியதும் வெர்னர் அதோடு கொட்டகைக்குக் குடிபோனான். எண்ணெய் அடுப்பு ஒன்றும் கட்டிலும் போட்டுக்கொண்டான். ரிக்மோர் கொட்டகை வாசலில் தட்டு வைப்பாள். சாப்பிட்டுக் கழுவி, அடுக்களைப் படியில் வைத்துவிட்டுப் போவான். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஒரு வார்த்தை கிடையாது. பூனை மட்டும் தினமும் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வந்து ரிக்மோரின் மடியில் ஏறிப் படுத்தது. அவள் கூப்பிடவில்லை, சோறும் போடவில்லை. அது எழும் வரை அவள் அசையவும் மாட்டாள். வேலைக்கு நேரம் கழித்து வருவாள். "பூனை எழுந்துக்கல" என்பாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெர்னர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். உருளைக்கிழங்கும் பொரித்த மீனும் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டான்.

"அன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். அடுத்த ஞாயிறும் வந்தான். "கத்துச்சா?"

"ஒரு தடவை."

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள்ளே திரும்பி வந்துவிட்டான், மற்ற நாட்களில் வானிலை, மீன், ஆலை என்று இரண்டு வார்த்தை பேசவும் ஆரம்பித்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி. ஒன்றுதான். கயிறு எவ்வளவு நீளம். புதைக்கும்போது எதில் சுற்றினாய். கண் திறந்திருந்ததா. நிலம் உறைந்திருந்ததா. ரிக்மோர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். திங்கட்கிழமை காலையில் காப்பி ஊற்றிக்கொண்டே எனக்கும் சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை கண்கள் வீங்கி வந்தாள்.

"'என்னைத் தேடுச்சா'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"இல்லன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துது. ஏற்கெனவே ஒரு பொய் சொல்லித்தானே இந்தக் கதி." கோப்பையை வைத்தாள். "தேடுச்சுன்னு சொன்னேன். நான் எட்டிப் பாத்தப்பெல்லாம் வாசப் பக்கமே தலைய வெச்சிருந்துச்சுன்னு சொன்னேன். அவன் போய்ப் படுத்துக்கிட்டான். இன்னைக்கு வேலைக்கும் போகல."

இப்படியே மூன்று வருடங்கள். ரிக்மோர் பணி ஓய்வு பெற்றாள். அவள் இடத்துக்கு ஒரு இளம்பெண் வந்தாள். ஓய்வு பெற்ற பிறகு வந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வாத்து வறுத்திருந்தாள். சிவப்பு முட்டைக்கோஸ், பழுப்பு இறைச்சிக் குழம்பு, எல்லாம் இருந்தது. சாம்பல் பூனை ஜன்னல் திட்டில் உட்கார்ந்து கடற்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது. நான் அவர்கள் சிரித்துப் பேசுவதைக்கூடக் கேட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு ரிக்மோர் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் போனாள். வெர்னர் முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"லேனெ, இந்தத் தடவை உங்கிட்ட கேக்கறேன். அந்த வியாழக்கிழமையே அவ இழுக்காம உங்கிட்ட கொண்டு வந்திருந்தா, செனெப்பு பொழச்சிருக்குமா?"

தொட்டியில் குழாயின் சத்தம் நின்றது. ரிக்மோர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய தோள்கள் அசையவில்லை.

எத்தனையோ பேருக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன். எல்லா மருத்துவர்களும் சொல்வார்கள். 'அதுக்கு வலியே தெரிஞ்சிருக்காது', 'யார் வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது'. வெர்னரிடமும் சொல்ல எனக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த வசதிக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அவன் கேட்டது அந்தக் காலத்து மருத்துவரைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

"பொழச்சிருக்கும்" என்றேன். "பெரும்பாலும்."

வெர்னர் நன்றி என்றான். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். ரிக்மோர் குழாயைத் திறந்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்தேன். கிளம்பும்போது என் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்" என்றாள். அதை என்னை மன்னித்துச் சொன்னாளா, தன்னைத் தண்டித்துச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மாட்டுத் தொழுவங்களுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது 'பொழச்சிருக்கும்' என்ற அந்த ஒற்றை வார்த்தையை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் அந்தத் தோள்கள் அசையாமலேயே நிற்கின்றன.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் ரிக்மோர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அவன் கேக்கறத நிறுத்திட்டான், லேனெ. அன்னிக்கு உங்கிட்ட கேட்டதுதான் கடைசி."

"நல்லதுதானே?"

"தெரியல" என்றாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் நான் கைய மடியில வெச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். அவன் வாயத் திறக்கறான். 'காப்பி இருக்கா'ங்கறான். அவ்வளவுதான். எழுந்து போய் ஊத்திக் குடுக்கறேன்."

அவளுக்குப் பின்னால் வெர்னர் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. ஆலையில் புதிதாக வந்த மேற்பார்வையாளரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், விடாமல், நீளமாக.

"பூனை கிட்டே" என்றாள் ரிக்மோர். "இரு, கொஞ்சம் கேட்டுட்டு வரேன்."